நாலு விரற்கடை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பாவுக்கு ஊசி போட மதுரைக்குப் போகிறோம். பள்ளத்தூரில் டவுன் பஸ் பிடித்துக் காரைக்குடி, அங்கிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை. ஊசி போட இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த நாளின் மிச்சமெல்லாம் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி பெஞ்சிலும் கழியும். அப்பாவும் நானும் உட்கார்ந்து பேசிப் பழகியவர்கள் அல்ல. அவருக்குக் கடை, எனக்குப் பள்ளிக்கூடம். நாற்பது வருடம் பேசாததை இந்த இரண்டு வருடத்தில் பேசியிருக்கிறோம். அதில் பாதிப் பேச்சு, ஸ்காட்லாந்தில் பிறந்த ஒரு சைக்கிள்காரரைப் பற்றியது.

அப்பாவுக்கு முதலில் வந்தது இடுப்பு வலி. ஆயுசு முழுக்கக் குனிந்து பங்சர் ஒட்டியவருக்கு இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். தைலம் தேய்த்தார். மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டார். ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போவதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. "வயசானா எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று அம்மாவிடம் ஒரே வார்த்தையில் முடித்திருக்கிறார். ஒரு வருடம் இப்படி ஓடிய பிறகு எடுத்த ஸ்கேனில் இடுப்பு எலும்பில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. புற்றுநோய். ஆரம்பித்த இடம், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் புராஸ்டேட் சுரப்பி.

அன்றிரவு தூக்கம் வராமல் செல்போனில் அந்த நோயின் பெயரைத் தட்டித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் கிறிஸ் ஹோய் என்ற பெயர் கண்ணில் பட்டது. அவருக்கும் முதலில் வந்தது வலிதான், தோள்பட்டையில். உடற்பயிற்சியில் ஏதோ பிடித்துக்கொண்டது என்று நினைத்திருக்கிறார். 2023-இல் ஸ்கேன் எடுத்தபோது புற்றுநோய் என்று தெரிந்தது. அதுவும் புராஸ்டேட்டில் தொடங்கி எலும்புக்குப் பரவியிருந்தது. அப்போது அவருக்கு வயது 47. சைக்கிள் ஓட்டத்தில் ஆறு ஒலிம்பிக் தங்கமும் பதினொரு உலகப் பட்டமும் வாங்கிய உடம்பு அது. நோயைப் பற்றிப் படிக்கப் போனவன் அந்த மனிதரின் ஓட்டத்தில் சிக்கிக்கொண்டேன். விடியும் வரை படித்தேன். சைக்கிள் கடைக்காரர் மகனுக்கு அது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எங்கள் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'சைக்கிள் வாடகைக்கு விடப்படும்' என்று தகரப் பலகை. மொத்தம் 22 வண்டிகள். அதில் நாலு அரை வண்டி, இரண்டு முக்கால் வண்டி. பின் மட்கார்டில் வெள்ளைப் பெயின்டில் நம்பர். பாதிக்கு மேல் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும்தான். 1949-இல் சென்னைப் பக்கம் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கிய முருகப்பா குடும்பத்துக்குப் பூர்விகம் எங்கள் பள்ளத்தூர் என்பதால் அந்த வண்டிகள் மேல் அப்பாவுக்குச் சொந்தக்காரப் பாசம் உண்டு. வாடகை நோட்டில் பிள்ளைகளின் பெயரை எழுத மாட்டார், வீட்டு விலாசத்தை எழுதுவார். 'கானா ரூனா வீடு, 7-ஆம் நம்பர், 4.10.' அவ்வளவுதான். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டில் கல்யாணம் என்றால் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். அரை மணி நேரத்தில் கடையில் ஒரு வண்டி மிஞ்சாது. செம்மண் புழுதியில் தெருவுக்குத் தெரு மணிச் சத்தம். நானும் அந்த அரை வண்டிகளில் ஒன்றில்தான் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன்.

அப்பாவின் கை, வீல் கோட்டம் எடுப்பதில் பேர் வாங்கிய கை. வண்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்துக்கொள்வார். ரிம் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் எந்த இடத்தில் நகத்தை உரசுகிறது, எந்த இடத்தில் விலகுகிறது என்று காதாலேயே கேட்பார். பிறகு அந்த இடத்துப் போக்ஸ் கம்பியைக் கால் திருகு இறுக்குவார், எதிர்க்கம்பியைக் கால் திருகு தளர்த்துவார். மறுபடி சுற்றுவார். உரசல் சத்தம் முழுச் சுற்றுக்கும் ஒரே சீராக வர வேண்டும். பிறகு நகத்தை ஒரு நூல் விலக்கினால் சத்தமே வரக் கூடாது. அதுவரை காசு வாங்க மாட்டார்.

முதல் மதுரைப் பயணத்தில், மேலூர் தாண்டியதும், ஹோய் ஓட்டிய வண்டியின் படத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு செல்போனை மூக்கருகே கொண்டு போனார்.

"பிரேக் எங்க தம்பி?"

"கிடையாதுப்பா."

"பிரீவீல்?"

"அதுவும் இல்ல. பல்லு ஹப்போட சேந்தே இருக்கும். சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நடுவுல காலுக்கு ஓய்வே கிடையாது" என்றார். நான் பத்துப் பக்கம் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரு படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஓடுதளம் மரப்பலகையில் செய்தது, ஒரு சுற்று 250 மீட்டர், வளைவில் 42 டிகிரி வரை சரிந்திருக்கும் என்றேன். 42 டிகிரி என்றால் எப்படி என்று கையைச் சாய்த்துக் காட்டியதும், "நம்ம வீட்டு ஓட்டுச் சரிவு இதுல பாதிதான் இருக்கும்" என்று சிரித்தார். வேகம் குறைந்தால் வழுக்கிக் கீழே வந்துவிட வேண்டியதுதான்.

ஹோய் 1976-இல் எடின்பரோவில் பிறந்தவர். ஆறு வயதில் ஒரு சினிமாவில் பையன்கள் பி.எம்.எக்ஸ். என்கிற சின்னச் சக்கர சைக்கிளில் பறப்பதைப் பார்த்து ஆசைப்பட்டார். அவருடைய அம்மா பழைய சாமான் விற்பனையில் ஐந்து பவுண்டு கொடுத்து முதல் வண்டி வாங்கித் தந்தார். பதினாலு வயது வரை பி.எம்.எக்ஸ். பந்தயம். பிறகு படகுத் துடுப்பு. அதன் பிறகுதான் ஓடுதள சைக்கிள். அவர் பழகிய மெடோபேங்க் ஓடுதளத்துக்குக் கூரை கிடையாது. மழை பெய்தால் அன்றைக்குப் பயிற்சி இல்லை. எடின்பரோவில் பெய்யும் மழைக்கு எத்தனை நாள் ஓட்டியிருப்பார் என்று தெரியவில்லை, என் ஊரில் அந்தக் கவலை இல்லாத வெயில்.

அவருக்கென்று அமைந்த போட்டி, கிலோ என்று சொல்லப்படும் ஒரு கிலோமீட்டர் ஓட்டம். நாலு சுற்று, தனி ஆள். பின்சக்கரத்தை ஒரு கருவி பிடித்துக்கொண்டிருக்கும். மணி ஒலித்து எண்ணி முடிந்ததும் விடும். நின்ற இடத்திலிருந்து முழு பலத்தோடு கிளம்ப வேண்டும். பக்கத்தில் எதிராளி கிடையாது, கடிகாரம்தான். மனித உடம்பால் உச்ச வேகத்தை ஒரு நிமிடம் தாங்க முடியாது. அதனால் கடைசிச் சுற்று என்பது சொந்தக் காலோடு போடும் சண்டை. வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும், யாருடைய குறைச்சல் குறைவோ அவருக்கு வெற்றி. இறங்கியதும் நடக்க முடியாமல் தரையில் சாய்ந்து கிடப்பார்கள். சிலர் வாந்தி எடுப்பார்கள். விளையாட்டில் இதைவிட ஒளிவு மறைவு இல்லாத ஒன்றை நான் பார்த்ததில்லை.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் கிலோவை அப்பாவோடு எத்தனை தடவை பார்த்திருப்பேனோ. நடப்பு உலகச் சாம்பியன் என்பதால் ஹோய்தான் கடைசியாக ஓட வேண்டும். அவருக்கு முன்னால் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் விஞ்சிக்கொண்டே போனார்கள். ஆஸ்திரேலியாவின் ஷேன் கெல்லி, பிறகு ஜெர்மனியின் ஸ்டெஃபான் நிம்கே, பிறகு பிரான்சின் அர்னோ தூர்னான். தூர்னானின் நேரம் ஒரு நிமிடம் 0.896 நொடி. ஒலிம்பிக்கில் அதுவரை யாரும் அந்த வேகத்தில் ஓட்டியதில்லை. கீழே உட்கார்ந்து இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஹோய் எழுந்து வர வேண்டும். வந்தார். ஒரு நிமிடம் 0.711 நொடி. கணக்கு வாத்தியார் என்பதால் உடனே போட்டுப் பார்த்தேன். ஓடுதளத்தில் அந்த வித்தியாசம் சுமார் மூன்று மீட்டர். தங்கம் வாங்கியவரை அப்பா பார்க்கவில்லை. பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "துளிக் கோட்டம் இல்ல தம்பி" என்றார்.

அதற்கு அடுத்த வருடம் கிலோவையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2008 பீஜிங்கில் பி.எம்.எக்ஸ். போட்டியைச் சேர்ப்பதற்கு இடம் வேண்டும் என்று ஆண்களுக்கான கிலோவும் பெண்களுக்கான 500 மீட்டரும் நீக்கப்பட்டன. எந்த வண்டியில் அவர் சிறு பையனாகத் தொடங்கினாரோ அந்த வண்டிக்காகவே அவருடைய போட்டி போனது. 29 வயது. உலகத்தில் அதைவிட நன்றாக அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. வேலைதான் இல்லை.

இந்த இடத்தைச் சொன்னபோது அப்பா எதுவும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை, எங்கள் வீட்டுக் கதையும் அதுதான். எங்கள் வட்டாரத்துக்கே இது பழக்கப்பட்ட கதை. பர்மாவில் கொடிகட்டிப் பறந்த தொழில் போன பிறகு, தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல்லும் மிஞ்சிய வீடுகள் இங்கே தெருத் தெருவாக நிற்கின்றன. கடையைப் பொறுத்தவரை, முதலில் டி.வி.எஸ். ஐம்பது வந்தது. பிறகு தவணையில் மோட்டார் சைக்கிள். பிறகு பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பக்கத்துக் கிராமங்களிலிருந்து நடந்தே வந்த பெண் பிள்ளைகள் சொந்த வண்டியில் வந்து இறங்கியதை வாத்தியாராக நான் பார்த்திருக்கிறேன். அப்பாவும் பார்த்தார். அந்த வண்டிகளில் நட்டு போல்ட்டு சரியாக முடுக்காமல் வரும். கடைக்குக் கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு முடுக்கிக் கொடுத்து, காசு வேண்டாம் என்று அனுப்புவார். அந்த வண்டிகள்தான் தன் கடையை மூடப்போகின்றன என்று அவருக்குத் தெரியும்.

மூடிய வாரத்தை மறக்க முடியாது. 22 வண்டிகளையும் காரைக்குடிப் பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. எடைக்குத்தான் விலை. லாரி வர ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் அப்பா காலையிலிருந்து இருட்டும் வரை ஒவ்வொரு வண்டியையும் பிரித்து ஓவராயில் செய்தார். கோன், பால்ரஸ் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவினார். புதுக் கிரீஸ் வைத்தார். செயினைக் கழற்றி ஊறப் போட்டார். கோட்டம் எடுத்தார். எடைக்குப் போகிற இரும்புக்கு எதற்கு இதெல்லாம் என்று நான் கோபப்பட்டேன். கிரீஸுக்கு ஆன காசைக்கூடக் கணக்குப் போட்டுச் சொன்னேன். "நம்ம கடையிலேருந்து போற வண்டி" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து பதில் வரவில்லை. லாரியில் ஏற்றும்போது ஏழாம் நம்பரின் முன்சக்கரம் யாரோ கை பட்டுச் சுற்ற ஆரம்பித்தது. லாரி கிளம்பித் திரும்பும் வரை அது நிற்கவில்லை.

இருபது வருடம் எனக்கு அந்த ஆறு நாள் புரியவில்லை. லா பாஸ் கதையைப் படித்த பிறகுதான் புரிந்தது.

2007 மே மாதம் ஹோய் பொலிவியாவின் லா பாஸ் நகரத்துக்குப் போனார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஓடுதளம். அங்கே காற்று அடர்த்தி குறைவு, அதனால் எதிர்க்காற்றின் தடை குறைவு, வண்டி பறக்கும். ஆனால் மூச்சுக்கு ஆக்சிஜனும் குறைவு. கிலோவின் உலக சாதனையைத் தூர்னான் 2001-இல் அதே இடத்தில்தான் வைத்திருந்தார்: 58.875 நொடி. ஹோய் அதை உடைக்கப் போனார். கிலோ ஒலிம்பிக்கில் இல்லை என்று முடிவாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஜெயித்தாலும் அடுத்த ஒலிம்பிக்கில் அதற்குப் பதக்கம் கிடையாது. அங்கே அவர் ஓட்டிய நேரம் 58.880.

ஐந்து. ஆயிரத்தில் ஐந்து பங்கு நொடி. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அந்த வேகத்தில் ஒரு நொடிக்குப் பதினேழு மீட்டர். அப்படியானால் ஐந்து மில்லி நொடிக்கு எட்டரை சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டர் ஓடி எட்டரை சென்டிமீட்டரில் விட்டிருக்கிறார். பஸ்ஸில் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, முன்சீட்டுக் கம்பியில் கையை வைத்து விரலைச் சேர்த்து அளந்தார்.

"நாலு விரற்கடை."

"ஆமாப்பா. அவ்வளவுதான்."

விரலை எடுக்காமல் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்சம் கழித்து, "ஏன் போனாரு? அதுதான் எடுத்தாச்சே" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவரே, "கடைசியா ஒரு தடவ சரியா செஞ்சு வச்சிட்டு வரணும்ல" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஏழாம் நம்பர் வண்டியை நினைத்துச் சொன்னாரா, ஹோயை நினைத்துச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. ஹோயின் தங்கங்களைத்தான் உலகம் எண்ணுகிறது. என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கையின் பெரிய நாள் அந்த நாலு விரற்கடை நாள்தான். அதே பயணத்தில், ஓடி வரும் வேகத்திலிருந்து அளக்கும் 500 மீட்டரை 24.758 நொடியில் ஓட்டி உலக சாதனை வைத்துவிட்டுத்தான் திரும்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய சாதனையை ஒரு நொடிக்கும் மேல் குறைத்தது அது.

கிலோ போன பிறகு அவர் எடுத்துக்கொண்டவை கெய்ரினும் ஸ்பிரின்டும். இரண்டும் கிலோவுக்கு நேர் எதிர். தனியாகக் கடிகாரத்தோடு ஓடிப் பழகியவர், பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு தந்திரமாக ஓடப் பழக வேண்டும்.

கெய்ரின் ஜப்பானில் 1948-இல் பந்தயம் கட்டி ஆடும் விளையாட்டாகத் தொடங்கியது. முன்னால் ஒரு மோட்டார் வண்டி மெல்லக் கிளம்பி வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். அதன் முதுகில் ஆறேழு பேர் வரிசையாக ஒட்டிக்கொண்டு போவார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வந்ததும் மோட்டார் விலகிவிடும்; ஹோய் ஓட்டிய காலத்தில் அது கடைசி இரண்டரைச் சுற்று இருக்கும்போது. அதன் பிறகு யார் முந்துகிறாரோ அவர். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிப்பதால் பின்னால் வருகிறவருக்குப் பாடு குறைவு. ஆடிக் காற்றில் காரைக்குடி ரோட்டில் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு மிதித்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். நான் செய்து அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். ஹோய் ஜப்பானுக்கே போய் அங்குள்ளவர்களோடு ஓட்டிக் கற்றுக்கொண்டு வந்தார்.

ஸ்பிரின்டை அப்பாவுக்கு விளக்கியது பொங்கல் விளையாட்டை வைத்து. எங்கள் ஊரில் பொங்கலுக்கு ஸ்லோ சைக்கிள் ரேஸ் நடக்கும். காலைக் கீழே ஊன்றாமல் கடைசியாக வருகிறவருக்குப் பரிசு. ஸ்பிரின்டில் இரண்டே பேர். முதல் சுற்றில் அவர்களும் அப்படித்தான் போவார்கள். முந்திப் போனால் பின்னால் வருகிறவன் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு வந்து கடைசியில் பிடித்துவிடுவான் என்பதால், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சரிவில் ஏறி இறங்கி, சில சமயம் அப்படியே அசையாமல் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்பார்கள். பிறகு ஒரு கணத்தில் வெடித்துக் கிளம்புவார்கள். பீஜிங்கில் தகுதிச் சுற்றில் ஹோய் கடைசி 200 மீட்டரை 9.815 நொடியில் கடந்தார். மணிக்கு 73 கிலோமீட்டருக்கும் மேல். அப்பா ஸ்பிரின்ட் வீடியோவைப் பார்க்கும்போது நிற்கிற இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார். பிரீவீல் இல்லாத வண்டியை முன்னும் பின்னும் ஒரு அங்குலம் அசைத்து நிறுத்துவது எப்படி என்பது அவருக்கு இன்னும் தீராத ஆசை.

2007-இல் கெய்ரின் உலகச் சாம்பியன். 2008-இல் ஸ்பிரின்ட் உலகச் சாம்பியன். பிரிட்டனிலிருந்து 1954-க்குப் பிறகு அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் ஆண். அதே வருடம் பீஜிங் ஒலிம்பிக்கில் குழு ஸ்பிரின்ட், கெய்ரின், ஸ்பிரின்ட் மூன்றிலும் தங்கம். கிலோவை எடுக்காமல் இருந்திருந்தால் இவற்றில் இரண்டைத் தொட்டே இருக்க மாட்டார். ஒரே ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கிய பிரிட்டிஷ்காரர் அதற்கு முன்னால் 1908-இல் இருந்தார். அடுத்த பிப்ரவரியில் கோபன்ஹேகனில் விழுந்து இடுப்பில் பலத்த அடி. அந்த வருட உலகப் போட்டிக்குப் போக முடியவில்லை.

அப்பாவின் கதையும் கடையோடு முடியவில்லை. மூடிய ஆறு மாதத்தில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போக ஆரம்பித்தார். பழைய பீங்கான் தட்டு, எனாமல் தூக்கு, மரச் சிற்பம், கடிகாரம் என்று பெரிய வீடுகளிலிருந்து வெளியே வந்த சாமான்கள் விற்கும் தெரு அது. அங்கே மூலையில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு பழைய ராலே வண்டியைப் பார்த்துவிட்டு, இதை ஓட வைத்துத் தரட்டுமா என்று கேட்டிருக்கிறார். அதிலிருந்து டைனமோ விளக்கு, பழைய மணி, தோல் சீட்டு என்று அவருக்கு வேலை தேடி வந்தது. பிறகு கானாடுகாத்தான் பக்கம் வீட்டை ஓட்டலாக மாற்றிய ஒருவர், விருந்தாளிகளுக்காக வைத்திருந்த பன்னிரண்டு சைக்கிளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வெள்ளைக்காரர்கள் காலையில் அவற்றை எடுத்துக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்புவார்கள். 58 வயதில் அப்பா மறுபடி மட்கார்டில் நம்பர் எழுதினார்.

2012 லண்டனில் ஹோய்க்கு 36 வயது. அந்த முறை விதியை மாற்றியிருந்தார்கள். ஒரு போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான். ஸ்பிரின்ட் இடம் தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரான ஜேசன் கென்னிக்குப் போனது. மறுபடி ஒன்று போனது. குழு ஸ்பிரின்டில் கென்னியோடும் ஃபிலிப் ஹிண்டஸோடும் சேர்ந்து தங்கம். கடைசியாகக் கெய்ரின் இறுதி. கடைசிச் சுற்றில் ஜெர்மனியின் மாக்ஸிமிலியான் லெவி பக்கத்தில் வந்து முந்தியேவிட்டார். நாங்கள் பார்த்தது பத்து வருடப் பழைய வீடியோ, முடிவு தெரியும். இருந்தும் அந்த இடத்தில் அப்பா என் முழங்கையைப் பிடித்துவிட்டார். ஹோய் வளைவில் வெளிப்பக்கம் தள்ளப்படாமல் உள்ளே ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு மிதியிலும் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டு, கோட்டைத் தாண்டினார். ஆறாவது தங்கம். மூன்றாம் இடத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள்; புகைப்படத்திலும் பிரிக்க முடியாமல் இருவருக்கும் வெண்கலம் கொடுத்தார்கள். "அங்க நாலு விரல் இல்ல, ஒரு நூல்கூட இல்ல" என்றார் அப்பா.

2013 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார். கிளாஸ்கோவில் அவர் பெயரிலேயே ஓடுதள அரங்கம் கட்டியிருந்தார்கள். அடுத்த வருடமே காமன்வெல்த் போட்டி அங்கே நடக்கவிருந்தது. சொந்த நாட்டில், சொந்தப் பெயர் வைத்த அரங்கத்தில் ஒரு தடவை ஓட்டிவிட்டு நின்றிருக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. கூட்டத்துக்குக் கையசைக்கவும் உடுப்பு வாங்கிப் போட்டுக்கொள்ளவும் போக விருப்பமில்லை, கொடுக்க வேண்டியதையெல்லாம் லண்டனிலேயே கொடுத்துவிட்டேன் என்ற பொருளில் அவர் சொல்லிவிட்டார். கென்னி பின்னாளில் ஏழு தங்கம் வாங்கி அவரைத் தாண்டினார்.

2024 அக்டோபரில், தன் நோய் குணமாகாத நிலையில் இருக்கிறது என்பதையும் மருத்துவர்கள் இரண்டிலிருந்து நாலு வருடம் சொல்லியிருப்பதையும் ஹோய் வெளியே சொன்னார். அவருடைய தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இதே நோய் இருந்திருக்கிறது. குடும்பத்தில் இது உள்ளவர்கள் நாற்பத்தைந்து வயதிலேயே டாக்டரைப் பார்த்து, புராஸ்டேட் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் பி.எஸ்.ஏ. (PSA) என்ற ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். 2025 செப்டம்பரில் கிளாஸ்கோவில் ஆயிரக்கணக்கானவர்களைச் சைக்கிளில் திரட்டி, நாலாம் நிலைப் புற்றுநோய் உள்ளவர்களும் நன்றாக வாழ முடியும் என்று காட்ட ஒரு ஓட்டம் நடத்தினார். அப்பாவுக்கு அந்த ஓட்டத்தின் படங்களைக் காட்டினேன். அதில் ஒரு படத்தில் ஹோயும் வண்டியில் இருந்தார். "இது பிரீவீல் உள்ள வண்டி" என்று அப்பா திருப்தியாகச் சொன்னார்.

இதைப் படிக்கிற ஆண்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ராத்திரி எழுந்து போவதையும், போக முடியாமல் நிற்பதையும் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். எங்கள் அப்பா ஒரு வருடம் மறைத்தார். அந்த ஒரு வருடம் எங்களுக்குக் கிடைத்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை. எனக்கு 46 வயது. காரைக்குடியில் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது; வருடா வருடம் பார்ப்பேன். சித்தப்பாவை அழைத்துப் போக மூன்று மாதம் கெஞ்ச வேண்டியிருந்தது. அப்பாவே நேரில் போய், "எனக்கு வந்தது ஒனக்கு வேணாம்டா" என்று சொன்ன பிறகுதான் கிளம்பினார்.

போன வாரம் எட்டாவது ஊசி. சிகிச்சை தொடங்கும்போது அப்பாவின் பி.எஸ்.ஏ. நூற்றுக்கு மேல் இருந்தது. இந்த முறை டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு 0.4 என்றார், நன்றாகக் கட்டுக்குள் இருக்கிறது, இதே மாத்திரையைத் தொடருங்கள் என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் சட்டையைப் போட்டுக்கொண்டார். மாட்டுத்தாவணியில் டீ குடித்தோம். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மேலூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்த பாயின்ட் நாலுங்கிறது எத்தனை விரற்கடை?"

அது நீளம் இல்லை, ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்கிற அளவு என்று சொன்னேன். தலையாட்டினார். முன்சீட்டுக் கம்பியில் ஒரு விரலை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு, அதையும் பாதியாக மடக்கினார். திருப்பத்தூர் வரும்போது தூங்கியிருந்தார்.